கையில் இருப்பதைச் சொல்லப் பயந்த வகுப்பு

தீவுகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களில் பாதிப்பேர், கடிதம் கையில் கிடைத்த அன்றே இடமாற்றத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்று விசாரித்திருப்பீர்கள். எனக்குக் கோபமில்லை. புங்குடுதீவு மடத்துவெளியில் பிறக்காமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பிறந்த இடத்திலிருந்து எங்கே இடமாற்றம் கேட்பது? ஓய்வுபெறும்வரை புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்துறை, நயினாதீவு என்று இந்தத் தீவுகளுக்குள்ளேயே சுற்றினேன். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒழுங்காகப் படித்திருந்தால் இன்னொரு பட்டம் வாங்கியிருக்கலாம்.

உங்களை வரவேற்கும் கூட்டத்தில் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். பேசத் தொடங்கினால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்று கேட்டவர்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன். சம்பளம், விடுதி, படகு நேரம் எல்லாவற்றையும் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் பிரசன்ற் பேர்பெக்ற் பற்றியும் பாஸ்ற் பேர்பெக்ற் பற்றியும் மட்டும் சொல்லப்போகிறேன்.

உங்களில் சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அது எங்களுக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். ஹாவ், ஹாஸ், ஹாட்; அதற்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். கரும்பலகையில் எழுத ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் பாடமாக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பம்.

நான் ஓய்வுபெறச் சில வருடங்கள் இருந்தபோது ஊர்காவற்துறையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினேன். பங்குத்தந்தை கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். கப்பலில் வேலை தேடும் பெடியன்கள், வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் போகக் காத்திருந்த பெண்கள், இரண்டு கடைக்காரர் என்று பலரும் வந்தார்கள். அநேகமானோர் கடற்றொழில் செய்கிற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். படிக்கவேண்டும் என்ற பிடிவாதம் அவர்களிடம் இருந்தது. வலையைக் காயப்போட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு வந்து உட்காருவார்கள்.

பிரசன்ற் பேர்பெக்ற் தொடங்கிய நாளில் ஒவ்வொருவரையும் எழுப்பி, இன்றைக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். விடிய முதலே கடலுக்குப் போய் வந்தவர் எழுந்து, ‘ஐ ஹாவ் டன் நத்திங்’ என்றார். ஒன்றும் செய்யவில்லையாம். அடுத்தவரும் நத்திங். காலையிலிருந்து மீன் கீறி உப்புப் போட்டுவிட்டு, அந்த மணம் மாறாமல் வந்திருந்த பெண்ணும் நத்திங். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

“ஒரு வேலையும் செய்யாத ஆக்களெல்லாம் இந்த மண்டபத்துக்கை வந்து சேர்ந்திருக்கிறியளோ?” என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பதிலை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை.

இலக்கணம் விளங்காமல் அப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோட்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்த எனக்குக் கரையோர வழக்கம் முழுதாகத் தெரியாது. ஒருநாள் இறங்குதுறையில் நின்றபோதுதான் பிடிபட்டது. பெட்டி நிறைய மீனோடு ஒரு வள்ளம் கரைக்கு வந்தது. “எப்பிடி, மீன் பட்டுதோ?” என்று யாரோ கேட்டார்கள். வள்ளக்காரர் பெட்டியைச் சாக்கால் மூடிக்கொண்டே, “ஏதோ கறிக்குக் கிடக்குது” என்றார். கேட்டவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. பட்டதை வாய்விட்டுச் சொன்னால் பிறர் கண் பட்டுக் கண்ணூறாகிவிடும். நாளைக்கு வலை வெறுமையாக வரும். ஆங்கில வகுப்பு என்பதற்காக அந்தப் பயத்தை வெளியில் கழற்றி வைத்துவிட்டு வரமுடியுமா?

இதில் இன்னொரு விசித்திரம். ஒன்று நடக்க முதலே நடந்து முடிந்ததைச் சொல்லும் பாஸ்ற் பேர்பெக்ற் தொடங்கியதும் அதே வகுப்பில் வாய் மூடாமல் கதைத்தார்கள். நான் பிறக்க முதலே ஐயா வள்ளத்தை விற்றுவிட்டார், நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வர முதலே வீடு இடிந்துவிட்டது என்று வசனத்துக்கு மேல் வசனம். இழந்ததைச் சொல்ல ஒருவருக்கும் பயமில்லை. இழந்ததில் யாருடைய கண் படப்போகிறது? கையில் இருப்பதைச் சொல்லத்தான் நாக்குப் புரளவில்லை. அதனால் அடுத்து வந்த வகுப்புகளில் புத்தகத்தில் பின்னால் இருக்கும் பாடத்தை நான் முன்னால் எடுத்தேன். நீங்களும் எடுங்கள். புத்தகத்தின் ஒழுங்கு கொழும்பில் இருந்து எழுதியவர்களுக்குச் சரியாக இருக்கும்.

அந்த வகுப்பில் ஜெசிந்தா என்று ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயதளவில் இளையவள். மற்றவர்கள் நத்திங் என்று சிரித்துக்கொண்டு சொன்னால், இவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லுவாள். கணவர் அன்ரன் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடப் போனவர். ஆழத்திலிருந்து ஏறி வந்த ஒருநாளோடு இரண்டு கால்களும் இயங்காமல் போய்விட்டன. அன்றிலிருந்து அவர் சக்கரக் கதிரையில். ஒரே மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

ஜெசிந்தா கரையில் நண்டு வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த வருமானம் காணாது. சோளகக் காற்று எழும்பி வள்ளங்கள் இறங்காத மாதங்களில் அடுப்பு எரிவதே கஷ்டம். கடைசியில் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டாள். மருத்துவச் சோதனையும் முடிந்தது. மகளைத் தங்கச்சி வீட்டில் விடுவதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனி ஊர்காவற்துறையில் கொள்வனவு நிலையம் திறந்தது. மேற்பார்வைக்கு உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும்; தலைமை அலுவலகத்தோடு ஆங்கிலத்தில் கதைக்கத் தெரியவேண்டும் என்று அறிவித்தார்கள். மாதச் சம்பள வேலை. கிடைத்தால் ஜெசிந்தா மகளோடு வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் விமானம் ஏறவேண்டியதுதான். அவள் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கும் அழைத்துவிட்டார்கள்.

அவளை நான் விட்டேனா? வாராவாரம் வகுப்பு முடிந்த பிறகும் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டேன். இந்தத் தொழிலில் என்ன செய்திருக்கிறீர்? ‘ஐ ஹாவ் டன் நத்திங்.’ எத்தனை பேரோடு வேலை செய்திருக்கிறீர்? அதற்கும் நத்திங். பொறுமை என்று கடவுள் எனக்குத் தந்தது கொஞ்சம்தான்; அதையும் அந்த மாதத்தில் அவள் முடித்துவிட்டாள்.

நேர்முகம் திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. ‘ரீச்சர், நான் குவைத்துக்கே போறன். கோவிக்காதேங்கோ’ என்று இன்னொரு பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு பின்னேரம் வேலணையால் போகிற பஸ் பிடித்து அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அன்ரன் சக்கரக் கதிரையில் வாசலோடு இருந்து கிழிந்த நண்டு வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். ஜெசிந்தா என்னைக் கண்டதும் ஒரு கதிரையைத் தூசி தட்டிப் போட்டாள்.

“ரீச்சர் ஏன் இந்த வெயிலுக்கை வந்தனீங்கள்?”

“நீர் ஏன் நேற்று வரேல்லை?”

“வந்து என்ன பிரியோசனம்? நாளைக்கு அவையளுக்கு முன்னாலை இருந்தாலும் எனக்கு வாய் வராது. நத்திங் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வரத்தானே வேணும்? ஏஜென்சிக்காரர் செவ்வாய்க்கிழமை பாஸ்போட்டோடை வரச்சொன்னவர். அங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம் ரீச்சர். கூட்டத் தெரியுமோ, சட்டி கழுவத் தெரியுமோ, அவ்வளவுதான்.”

“மகள்?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அதை மட்டும் கேக்காதேங்கோ.”

நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை, இதற்கொரு முடிவு தெரியாமல் எழும்புவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

“ஜெசிந்தா, கண்ணூறைப் பற்றி உம்மோடை தர்க்கம் பண்ண நான் வரேல்லை. உங்கடை கரையிலை எல்லாருக்கும் அந்தப் பயம் கிடக்கு. ஆனால் மற்ற ஆக்கள் நாலு கிழமையிலை கொஞ்சங்கொஞ்சமாய்ச் சொல்லப் பழகிட்டினம். உமக்கு மட்டும் ஏன் ஏலாமல் கிடக்கு?”

அன்ரனை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “என்ரை வாயாலைதான் ரீச்சர் இவருக்குக் கால் போனது.”

அன்றைக்கு அன்ரன் பை நிறையக் கடலட்டையோடு கரைக்கு வந்தாராம். அவ்வளவு அட்டை அந்தப் பருவத்தில் ஒருவருக்கும் பட்டதில்லை. இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரையில் நின்ற பெண்களிடம், “என்ரை அவருக்குப் பட்டதைப் பாருங்கோவன்” என்று பையைத் திறந்து காட்டிவிட்டாள். அடுத்தநாள் விடிய அன்ரனால் எழுந்து நிற்க முடியவில்லை. கண்ணூறு என்று கரை முழுக்கக் கதைத்தார்கள். மாமியார் சாகும்வரை இவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு இவள் தன்னுடையது என்று எதையும் வாயால் சொன்னதே இல்லை. மகள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தால்கூட, “ஏதோ படிக்கிறாள்” என்பாள்.

தேற்றுகிற வேலை எனக்கு எப்போதும் சரிவந்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்.

“இதை இங்கிலீசிலை சொல்லும்,” என்றேன். “எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது எண்டு ஒழுங்காய்ச் சொல்லும்.”

உங்களில் சிலருக்கு இது இரக்கமில்லாத செயலாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தமிழில் சொல்ல வாய் வராத சங்கதிகளை இன்னொரு பாஷையில் சிலவேளை சொல்லிவிடலாம். வகுப்பில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துவிட்டுத் தொடங்கினாள். முதலில் நடந்ததற்கு ஹாட் வரும் என்று நினைவுபடுத்தினேன். தட்டுத்தடுமாறி வசனத்தை முடித்தாள்: ‘ஐ ஹாட் ரோல்ட் எவ்றிபொடி பிஃபோர் ஹிஸ் லெக்ஸ் ஸ்ரொப்ட்.’ அவருடைய கால்கள் நின்றுபோக முதல் நான் எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தேன்.

“சரி,” என்றேன்.

“பிழை,” என்றார் அன்ரன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அவர் வலை ஊசியை மடியில் வைத்திருந்தார். மனைவி வீட்டில் மாதக்கணக்காகப் பாடமாக்கியதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

“வசனம் சரியாயிருக்கும் ரீச்சர். நடந்தது அப்பிடியில்லை.”

“என்ன சொல்லுறீங்கள்?” என்றாள் ஜெசிந்தா.

“நீ பையைத் திறந்து காட்ட முதலே எனக்குக் கால் விறைச்சிட்டுது. முதல் தரம் மேலை வரேக்கையே முழங்கால் குத்தினது. கூட வந்தவங்கள் காணும், இனி இறங்காதை எண்டவங்கள். கீழை இன்னும் அட்டை கிடந்தது. நான் கேக்கேல்லை, திரும்ப இறங்கினனான். ஆழத்திலையிருந்து மெல்ல மெல்லத்தான் ஏறவேணும், நான் அவசரப்பட்டு ஏறினனான். கரைக்கு வரேக்கை வலக்கால் என்ரை கால் மாதிரியே இல்லை. வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான், உனக்குத் தெரியேல்லை. நீ பையைப் பாத்துக்கொண்டு நிண்டனீ.”

“அப்ப இவ்வளவு காலமும்?”

“ஆக்கள் கண்ணூறு எண்டு சொல்லேக்கை எனக்கு அது வசதியாய் இருந்தது. என்ரை பேராசை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு விட்டிட்டன்.”

“நான் என்னையே திண்டுகொண்டு இருந்தது தெரியாதோ உங்களுக்கு?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “தெரியும்,” என்றார்.

என் வேலைக் காலத்தில் பரிசோதகர் வந்த நாளும் உண்டு, வகுப்பறைக் கூரை காற்றில் போன நாளும் உண்டு. என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தது அந்த ஒரு நொடியில்தான். ‘விடும், பாவம் அந்த மனுசன்’ என்று சமாதானம் சொல்ல என் வாய் உன்னியது. நல்லகாலம், உதட்டைக் கடித்துக்கொண்டேன். கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதை எட்டிப் பறிக்க எனக்கு என்ன உரிமை?

ஜெசிந்தா கத்தத் தொடங்கினாள். பக்கத்து வீட்டார் வேலிக்கு வந்துவிட்டார்கள், அவள் பார்க்கவில்லை.

“விடிய முதல் எழும்பி ஐஸ் பெட்டி தூக்கினனான். ஏமாத்த வந்த வியாபாரியோடை நடுக்கரையிலை நிண்டு சண்டை பிடிச்சு விலை வாங்கினனான். லொறி வராத நாளிலை நண்டைப் பஸ்ஸிலை ஏத்தி, ஆக்களிட்டை ஏச்சு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் கொண்டுபோனனான். இந்தக் கரையிலை இருக்கிற பொம்பிளையளுக்கெல்லாம் தரம் பிரிக்கப் பழக்கினது நான். உங்களைத் தூக்கி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். பிள்ளையைப் படிப்பிச்சது நான். எல்லாத்தையும் செய்துபோட்டு, ஒண்டும் செய்யேல்லை, ஒண்டும் செய்யேல்லை எண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்!”

மூச்சு வாங்க நின்றாள். நான் எழுந்தேன்.

“ஜெசிந்தா, இப்ப சொன்னதை அப்பிடியே இங்கிலீசிலை சொல்லும்.”

என்னை அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். முகம் அப்படி இருந்தது. பிறகு ஒரு நீண்ட மூச்செடுத்து, அதே கத்தலில் ஆங்கிலத்தில் தொடங்கினாள். ‘ஐ ஹாவ் கரிட் ஐஸ்! ஐ ஹாவ் ஃபோற் வித் மேர்ச்சன்ற்ஸ்!’ இடையில் எத்தனையோ பிழை. ஒன்றையும் நான் திருத்தவில்லை. கடைசி பஸ் போய்விட்டது. மகள் மறைக்கல்வி முடிந்து வந்து, அம்மா முற்றத்தில் நின்று ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அன்ரன் கண்ணைத் துடைப்பதும் வலையைப் பார்ப்பதுமாக இருந்தார். அவரோடு யாரும் கதைக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மாணவர் ஒருவர் எழுதிய வசனத்துக்குச் சரி போடும்போது, வசனத்தை மட்டும்தான் நாம் திருத்துகிறோம் என்பதை மறக்கவேண்டாம். அன்றைக்கு நான் ‘சரி’ என்று சொன்னது இலக்கணத்துக்குத்தான். ஆனால் ஜெசிந்தாவின் காதில் அது வேறுமாதிரி விழுந்திருக்கும், ரீச்சரும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று. அன்ரன் வாய் திறந்திராவிட்டால் அவள் அந்தச் சரியையும் சுமந்துகொண்டு குவைத்துக்குப் போயிருப்பாள். எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கேட்பது சின்னக் கேள்வி இல்லை. கேட்டுவிட்டால், வருகிற பதிலுக்குப் பக்கத்தில் நிற்கவும் தயாராக இருக்கவேண்டும்.

அன்று பங்குத்தந்தையின் தயவில் கன்னியர் மடத்தில் தங்கினேன். மறுநாள் காலையில் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கொள்வனவு நிலைய வாசலில் பூவரச மரத்தடியில் நின்றேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் மேலாளர்தான் நேர்முகம் எடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மின்சாரம் நின்றுபோனதால் கதவையும் யன்னலையும் அகலத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே கதைப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இந்தத் தொழிலில் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

பதில் வரவில்லை. வெளியில் ஒரு சைக்கிள் போனது. உள்ளே போய், ‘இவவுக்கு எல்லாம் தெரியும்’ என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு அடி வைத்தும்விட்டேன். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் போய்ச் சொன்னால், அவளுக்காக இன்னொருவர் பேசியதாகத்தான் முடியும். அது இந்த வேலைக்கும் உதவாது, அவளுக்கும் உதவாது.

அப்போதுதான் அவள் குரல் வந்தது. முந்தின நாள் போலக் கத்தவில்லை. ஆனால் அசையாத குரல். ஐஸ் பெட்டி, வியாபாரிகள், லொறி வராத நாட்கள், தரம் பிரிக்கப் பழக்கிய பெண்கள் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். ஒவ்வொரு வசனமும் ‘ஐ ஹாவ்’ என்றுதான் தொடங்கியது. வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் சில இடங்களில் பிழைத்தது. நான் கவனிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான், கவனித்தேன், பழக்கதோஷம். நண்டு பழுதாகி முழுப் பெட்டியையும் கடலில் கொட்டிய நாளையும் மறைக்காமல் சொன்னாள்.

கணவர் இயலாதவர், சின்னப் பிள்ளையும் இருக்கிறது, வள்ளம் வருகிற நேரத்துக்கு விடிய வரமுடியுமா என்று அந்த அம்மா கேட்டார். ஜெசிந்தா நான் படிப்பிக்காத ஒரு பதிலைச் சொன்னாள். இத்தனை வருடமும் விடிய முதல் வந்திருக்கிறேன், சம்பளம் இல்லாமலே வந்திருக்கிறேன், சம்பளம் தந்தால் ஏன் வராமல் விடுவேன்? உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

வேறு ஆட்களையும் கேட்டு முடித்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்தாள்.

“அடுத்த கிழமை தொடங்கச் சொல்லினம் ரீச்சர்.”

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

“வீடு வரைக்கும் என்னோடை வாங்கோ,” என்றாள்.

நடந்து போனோம். அந்த நடையைத்தான் என் வேலைக் காலத்தின் பெரிய பரிசாக வைத்திருக்கிறேன். முதலில் கைத்தொலைபேசியை எடுத்து ஏஜென்சிக்காரரிடம், தான் வரவில்லை, வேறு ஆளைப் பாருங்கோ என்று சொன்னாள். பிறகு தெருவில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினாள். தேத்தண்ணிக் கடை அக்காவிடம் சொன்னாள். வலை தைத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் நின்று சொன்னாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன நடத்துநருக்கும் கூப்பிட்டுச் சொன்னாள். கேட்டவர்கள் திகைத்தார்கள். கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

“மெல்லக் கதையன் பிள்ளை,” என்றார் வலை தைத்த ஒரு பெரியவர், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு.

“ஏன் மெல்ல, அப்பு? களவெடுத்ததோ? நான் செய்ததுக்குக் கிடைச்சது,” என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை, அடுத்த வீட்டுப் படலையிலும் நின்று சொன்னாள். பயம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடுதான் சொன்னாள்.

வீட்டு வாசலில் அன்ரன் வெயிலுக்குள்ளேயே இருந்தார். காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அசையவில்லை போலிருந்தது. முந்தின நாள் பின்னேரம் தொடக்கம் அவள் அவரோடு ஒரு சொல் பேசவில்லை என்று வழியில் சொல்லியிருந்தாள். எங்களைக் கண்டதும் அவர் கேட்க வாயெடுத்தார். கேட்கப் பயந்து மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“வேலை கிடைச்சிட்டுது. ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். உங்களுக்குத்தான் கடைசியாய்ச் சொல்லுறன்.”

அன்ரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஓம்,” என்றார். “எனக்கு நல்லாய் வேணும்.”

அவள் எனக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். போகும்போது அவருடைய கதிரையை வெயிலிலிருந்து நிழலுக்கு இழுத்துவிட்டுப் போனாள்.